பெட்டி மேல் 7,000, மேசை மேல் 70

தர்மபுரி நேதாஜி பைபாஸ் ரோட்டிலோ ஓசூர் பாகலூர் ரோட்டிலோ ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "அண்ணா, இது மூவாயிரத்து ஐந்நூறா, ஏழாயிரமா?" என்ற கேள்வி காதில் விழும். கேட்பது விலையை இல்லை. எஸ்.எஸ்.டி. (சுழலும் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மாட்டும், சிப்பில் சேமிக்கும் டிரைவ்) பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தை, வினாடிக்கு இத்தனை எம்பி என்பதை. இப்போது 14,000 எம்பி என்று அச்சடித்த பெட்டிகளும் அலமாரிக்கு வந்துவிட்டன. வாங்க வருபவர் டேலி போடும் கணக்கு அலுவலகக்காரராக இருக்கலாம், இ-சேவை மையம் வைத்திருப்பவராக இருக்கலாம், கல்யாண வீடியோ எடிட் பண்ணுபவராக இருக்கலாம். மூன்று பேருக்கும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "பட்ஜெட் இருந்தா ஜென் ஃபோர் போட்டுக்கங்க, ஸ்பீடு டபுள்." ஜென் என்பது டிரைவ் கம்ப்யூட்டரோடு பேசும் பி.சி.ஐ.இ. பாதையின் தலைமுறை. அந்தப் பதிலைப் பொய் என்று தள்ள முடியாது. அளந்து பார்த்தால் அந்த எண் வரத்தான் செய்யும். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிய பிறகு எது இரட்டிப்பானது என்று தேடினால் கையில் ஒன்றும் சிக்காது. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க நினைக்கிறேன்.

கிரிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முடிவு நான்கு வரிகளாக வரும். மேல் வரி, ஒரு எம்பி அளவுள்ள துண்டுகளை எட்டு எட்டாக வரிசையில் நிறுத்தி, அடுத்தடுத்த இடங்களிலிருந்து படிப்பது. கடைசி வரி, நான்கு கேபி அளவுள்ள சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக, டிஸ்கின் எந்த மூலையிலிருந்தும் படிப்பது. ஒன்று வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். பெட்டியில் அச்சாகிற எண் மேல் வரிக்குரியது. விண்டோஸ் ஏறுவது, பிரவுசர் திறப்பது, டேலியில் ஒரு லெட்ஜரைத் தட்டுவது எல்லாம் பெரும்பாலும் கடைசி வரி வேலை. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் லோடு லோடாக லாரியில் ஏற்றுவதற்கும், குவியலுக்குள் கைவிட்டு ஒரு செந்தூராவை மட்டும் தேடி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. ரோட்டை அகலமாக்கினால் லாரி வேகமாகப் போகும். குவியலில் தேடுகிற கைக்கு அதனால் லாபமில்லை.

எண்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்கில் உள்ளே இருக்கும் தலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேரச் சுமார் 12 மில்லி வினாடி ஆகும். அப்படியென்றால் ஒரு வினாடிக்கு 80 முறைதான் தேட முடியும். ஒவ்வொரு முறைக்கும் 4 கேபி என்றால் வினாடிக்கு 320 கேபி. எம்பி இல்லை, கேபி. அதே கடைசி வரியில் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே இணைப்பில் மாட்டுவது) 30, 40 எம்பி காட்டும். ஜென் 3 என்.வி.எம்.இ. (பி.சி.ஐ.இ. பாதையில் ஓடும் வகை) 50 பக்கம் போகும். ஜென் 4 வந்தால் 60 முதல் 90 வரை. 14,000 போட்ட ஜென் 5 கூட இந்த வரியில் நூறைத் தொட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். மேல் வரியில் 550, 3,500, 7,000, 14,000 என்று பாய்ந்த வேகம், கீழ் வரியில் இப்படி நொண்டுகிறது.

காரணம் ஃபிளாஷ் மெமரிக்குள் இருக்கிறது. டி.எல்.சி. வகைச் செல் (மூன்று பிட் எழுதும் செல்) ஒன்றிலிருந்து மின்னழுத்தத்தை அளந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே 50, 60 மைக்ரோ வினாடி ஆகிறது. 60 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை 4 கேபி என்றால் வினாடிக்கு 70 எம்பி சுமார். பி.சி.ஐ.இ. பாதையை எத்தனை தலைமுறை அகலப்படுத்தினாலும் செல்லைப் படிக்கிற அந்த நேரம் பெரிதாகக் குறைவதில்லை. இதை உண்மையிலேயே உடைத்தது இன்டெலின் ஆப்டேன். அது ஃபிளாஷே இல்லை, வேறு வகை மெமரி. 10 மைக்ரோ வினாடி அளவில் பதில் சொல்லும். மேல் வரியில் 2,500 எம்பி காட்டிய ஆப்டேன் டிரைவ், கீழ் வரியில் இன்றைய ஜென் 5 டிரைவை எளிதாகத் தாண்டும். விலை கட்டுப்படியாகவில்லை. 2022 ஜூலையில் இன்டெல் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்துவிட்டது. பெட்டியில் பெரிய எண் போட முடியாத வேகத்துக்குச் சந்தையில் மதிப்பு கிடைக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எச்61 போர்டுக்கு எதற்கு செலவு?

நம் மாவட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற அசெம்பிள்டு சிஸ்டங்களில் எச்61 மதர்போர்டு நிறைய. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். எச்61 சிப்செட்டில் இருக்கும் சாட்டா போர்ட்டுகள் எல்லாமே 3 ஜிபிட் வகை. 6 ஜிபிட் கிடையாது. 550 எம்பி என்று போட்ட எஸ்.எஸ்.டி.யை மாட்டினால் 270, 280-தான் வரும். "பாதி வேகம்தான் வருது, போர்டை மாத்திடுங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. மாற்ற வேண்டியதில்லை. மேலே பார்த்த கீழ் வரியில் அந்த எஸ்.எஸ்.டி. பெரிதாகக் குறையாமல் 25, 30-ஐக் காட்டும். 0.3-லிருந்து 25-க்குப் போவதுதான் சிஸ்டத்தின் உயிரை மாற்றுகிற தாவல். 25-லிருந்து 70-க்குப் போவது ஸ்டாப்வாட்ச் வைத்தால் தெரியும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) சாட்டா மோடு ஐ.டி.இ. என்ற பழைய முறையில் இருந்தால் ஏ.எச்.சி.ஐ. என்ற புதிய முறைக்கு மாற்றியாக வேண்டும். ஏற்கெனவே விண்டோஸ் போட்ட சிஸ்டத்தில் சும்மா மாற்றினால் நீலத் திரை வந்து நின்றுவிடும். முதலில் விண்டோஸிலேயே இருக்கும் எம்.எஸ். கான்ஃபிக்கில் சேஃப் பூட் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்து, அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் போய் ஏ.எச்.சி.ஐ. மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறவிட்டு, பிறகு சேஃப் பூட் டிக்கை எடுத்தால் விண்டோஸ் 10 தானாகவே டிரைவரைப் பொருத்திக்கொள்ளும்.

அரசு முன்பு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினிகளுக்கும் இதே கணக்குதான். ஒரு பக்கம் விண்டோஸ், ஒரு பக்கம் பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் என்று வந்தவை அவை. 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. அதில் நேராக உட்காரும். எஸ்.எஸ்.டி.யின் தடிமன் 7 மி.மீ.; பழைய லேப்டாப்பின் இடம் 9.5 மி.மீ. என்றால் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசர் வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது; எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிஸ்டங்களில் விண்டோஸ் 11-உம் முறைப்படி ஏறாது. அங்கே எஸ்.எஸ்.டி.யோடு லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. நெட்டும் டைப்பிங்கும் மட்டும் என்றால் எதுவும் குறையாது.

இ-சேவை மையம், டேலி அலுவலகம் என்று வரும்போது இன்னொரு குழப்பமும் சேரும். நான்கு சிஸ்டம் ஒரே டேலி டேட்டாவைப் பார்க்கிறது, மெதுவாக இருக்கிறது, சர்வரில் ஏழாயிரம் எம்பி டிரைவ் போடலாமா என்று கேட்பார்கள். சுவரோரம் தூசி பிடித்துக் கிடக்கும் ஸ்விட்ச் 100 எம்பிட் (மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) வகை என்றால் அதன் வழியே வினாடிக்கு 11, 12 எம்பிக்கு மேல் போகவே போகாது. ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கி, கேபிளில் எட்டுக் கம்பியும் சரியாகக் கிரிம்ப் ஆகியிருக்கிறதா என்று பார்த்தால் 110 எம்பி வரை வரும். நான்கு கம்பி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஜிகாபிட் ஸ்விட்சும் 100-க்கே இறங்கிவிடும். சர்வரில் சாட்டா எஸ்.எஸ்.டி. போதும்; மிச்சப் பணத்தை ஸ்விட்சில் போடலாம்.

எஸ்.எஸ்.டி. ஹார்ட் டிஸ்கிடம் தோற்கிற இடம்

இதுவரை சொன்னதை வைத்து "எதை வாங்கினாலும் ஒன்றுதான், மலிவானதை எடு" என்று முடித்திருப்பேன். பல நாள் என் கருத்தும் அதுதான். அதை மாற்றியது வேக எண் இல்லை, க்யூ.எல்.சி. டிரைவ்கள் நிரம்பும்போது நடப்பது.

ஒரு செல்லில் ஒரு பிட் எழுதினால் எஸ்.எல்.சி., மூன்று எழுதினால் டி.எல்.சி., நான்கு எழுதினால் க்யூ.எல்.சி. நான்கு பிட் என்றால் ஒரே செல்லில் 16 வேறு வேறு மின்னழுத்த நிலைகளைத் துல்லியமாக நிறுத்த வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். இந்த மெதுவை மறைக்க, காலியாக இருக்கும் செல்களில் தற்காலிகமாக ஒரு பிட் மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும்போது நான்கு பிட்டாக மடித்து அடுக்கும். இதுதான் எஸ்.எல்.சி. கேஷ். பெட்டியில் போட்ட எழுதும் வேகம் இந்தக் கேஷ் இருக்கும் வரைதான். ஒரு டிபி க்யூ.எல்.சி. டிரைவ் காலியாக இருந்தால் அதிகபட்சம் கால் பங்கு, அதாவது 250 ஜிபி வரை கேஷாக மாற இடமுண்டு. 800 ஜிபி நிரம்பியிருந்தால்? மிச்சம் 200 ஜிபியில் கால் பங்கு, 50 ஜிபிதான். பல டிரைவ்களில் அதைவிடவும் குறைவு.

இப்போது ஸ்டுடியோ சிஸ்டத்தில் 150 ஜிபி கல்யாண ப்ராஜெக்ட் ஒன்றை, முக்கால் பங்குக்கு மேல் நிரம்பிய அந்த டிரைவுக்குக் காப்பி போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் 50 ஜிபி வினாடிக்கு 1,500 எம்பியில் அரை நிமிடத்தில் போய்விடும். காப்பி விண்டோவில் பச்சைக் கோடு மேலே நிற்கும். பிறகு கோடு சரேலென்று விழும். கேஷ் தீர்ந்த க்யூ.எல்.சி. டிரைவ் வினாடிக்கு 100 எம்பிக்கு இறங்குவது சாதாரணம். மிச்சம் 100 ஜிபிக்கு 17 நிமிடம் ஆகும். அதே மேசையில் ஓரமாகக் கிடக்கிற 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் தொடர்ந்து 150 எம்பியில் எழுதும். மொத்த 150 ஜிபியையும் 17 நிமிடத்துக்குள் முடித்துவிடும். ஏழாயிரம் என்று எழுதிய டிரைவ் ஹார்ட் டிஸ்குக்குப் பின்னால் வந்து நிற்கிறது. நல்ல டி.எல்.சி. டிரைவ் என்றால் கேஷ் தீர்ந்த பிறகும் 1,000 எம்பி சுமாரில் தாக்குப்பிடித்து, மூன்று நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். பெட்டியில் இரண்டுக்கும் எண் ஒன்றாகவே இருக்கலாம்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது "மூவாயிரத்து ஐந்நூறா ஏழாயிரமா" இல்லை, "டி.எல்.சி.யா க்யூ.எல்.சி.யா" என்பது. இரண்டாவது, டிராம் (டிரைவுக்குள் இருக்கும் சின்ன ரேம்) உண்டா என்பது. எந்தக் கோப்பு எந்தச் செல்லில் இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்துக்கொள்ள நல்ல டிரைவில் ஒரு டிபிக்கு ஒரு ஜிபி வீதம் தனி டிராம் இருக்கும். டிராம் இல்லாதவை கம்ப்யூட்டர் ரேமிலிருந்தே 64 எம்பி போலக் கடன் வாங்கும். என்.வி.எம்.இ. டிரைவில் அது வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். சாட்டா டிரைவால் அப்படிக் கடன் வாங்க முடியாது. அதனால் டிராம் இல்லாத மலிவு சாட்டா டிரைவ்கள் நிரம்பும்போது திணறும். மூன்றாவது, டி.பி.டபிள்யூ. என்ற எண், அதாவது மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்பது. ஒரு டிபி டி.எல்.சி. டிரைவுக்கு 600 என்று போட்டிருந்தால், ஐந்து வருட வாரண்டிக்குள் நாளுக்கு 330 ஜிபி வீதம் எழுதலாம் என்று பொருள். க்யூ.எல்.சி.யில் அது 200 பக்கம் இறங்கிவிடும். வகையைப் பெட்டியில் போடாமல் மறைத்திருந்தால் இந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே மாடல் பெயரில் உள்ளே இருக்கும் ஃபிளாஷை டி.எல்.சி.யிலிருந்து க்யூ.எல்.சி.க்கு மாற்றி விற்பதும் இந்தத் தொழிலில் நடந்திருக்கிறது. பழைய ரிவ்யூ வீடியோவை மட்டும் நம்ப வேண்டாம்.

எந்த டிரைவாக இருந்தாலும் 15, 20 சதவீதம் காலியாக விட்டு வைப்பது பலன் தரும். அரை டிபி வேகமான டிரைவைவிட ஒரு டிபி சுமாரான டி.எல்.சி. டிரைவ் நம் ஊர் வேலைக்கு ஓடும் ஓட்டமே வேறு.

எடிட்டிங்குக்கு எவ்வளவு வேண்டும்?

"நான் ஃபோர் கே எடிட் பண்றேன், எனக்கு வேகம் வேணும்" என்பவருக்கும் ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. கேமராவில் 100 எம்பிட்டில் எடுத்த ஃபோர் கே வீடியோ வினாடிக்கு 12.5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. முகூர்த்த நேரத்தில் மூன்று கேமரா ஆங்கிளை ஒன்றாக ஓட்டினாலும் 37.5 எம்பிதான். சாட்டா எஸ்.எஸ்.டி.யே அதைப்போலப் பத்து மடங்கு தரும். டைம்லைன் திக்கித் திக்கி ஓடினால் அது எச்.265 முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரிக்க முடியாத பிராசசர் அல்லது கிராபிக்ஸ் கார்டின் திணறல். ப்ராக்ஸி (எடிட் பண்ண மட்டும் வைத்துக்கொள்ளும் லேசான நகல்) உருவாக்கினால் சரியாகும். மெமரி கார்டிலிருந்து இறக்குவதும் அப்படியே. யு.எச்.எஸ்.-1 கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சாதாரண கார்டு ரீடரில் 90, 100 எம்பியைத் தாண்டாது. அதில் 64 ஜிபி கார்டு இறங்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகத்தான் செய்யும், எந்த டிரைவ் போட்டாலும். டிரைவிலிருந்து டிரைவுக்குப் பெரிய ப்ராஜெக்டை அடிக்கடி நகர்த்துபவர், ப்ரோரெஸ் போன்ற கனமான கோப்புகளில் வேலை செய்பவர், பல ஜிபி ஏ.ஐ. மாடல்களைத் தன் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி இறக்குபவர் ஆகியோருக்கு ஜென் 4 உண்மையாகவே நேரத்தை மிச்சப்படுத்தும். ஜென் 5-க்கு இப்போதைக்கு நான் யாரையும் கைகாட்ட மாட்டேன்.

மாட்டும்போது

கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கத்தில் இருப்பதால் ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் காலையில் போய் டிரைவை வாங்கி மாலையில் மாட்டிவிடுகிறார்கள். திரும்பவும் போகவேண்டி வருவது அநேகமாக ஸ்லாட் தகராறில்தான். எம்.2 என்பது மதர்போர்டில் நேராகச் செருகும் பட்டை டிரைவின் வடிவம் மட்டும்; அது சாட்டாவாகவும் இருக்கலாம், என்.வி.எம்.இ.யாகவும் இருக்கலாம். முனையில் இரண்டு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் என்.வி.எம்.இ. என்.வி.எம்.இ. மட்டும் ஏற்கிற ஸ்லாட்டில் எம்.2 சாட்டா டிரைவை மாட்டினால் அழகாக உட்காரும், ஆனால் பயாஸில் தெரியவே தெரியாது. 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், சின்ன லேப்டாப்புகளில் 2242, 2230 வரும். எச்310 போர்டில் சிப்செட் வழி வருவது பி.சி.ஐ.இ. 2.0, நான்கு லேன் (டேட்டா போகும் தடம்) கிடைத்தாலும் 2,000 எம்பியைத் தொடாது. அங்கே ஏழாயிரம் எம்பி டிரைவ் வீண். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் ஏறியவுடன் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று பதறாமல் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை போர்டில் ஜென் 5 எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் கிராபிக்ஸ் கார்டின் 16 லேன் எட்டாகக் குறையும்.

11-ஆம் தலைமுறை முதல் வந்த இன்டெல் லேப்டாப்புகளில் விண்டோஸ் போடும்போது "டிரைவ் எதுவும் இல்லை" என்று காட்டினால் டிரைவைக் குறை சொல்லாதீர்கள். பயாஸில் வி.எம்.டி. என்ற இன்டெலின் டிரைவ் நிர்வாக வசதி இயங்கிக்கொண்டிருக்கும். புதிதாக விண்டோஸ் போடுவதென்றால் அதை அணைத்துவிடலாம், அல்லது இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரைப் பென் டிரைவில் வைத்து ஏற்றலாம். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் சிஸ்டத்தில் அணைத்தால் பூட் ஆகாது.

பழைய டிஸ்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்வதற்கு முன், டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் சி5 என்ற வரியைப் பாருங்கள். அங்கே சுழியத்தைத் தவிர வேறு எண் இருந்தால் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. குளோன் பாதியில் நிற்கும், டிஸ்கும் சாகலாம். முதலில் போட்டோ, டேலி டேட்டா, ஆவணங்களைத் தனியே எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே பத்திரம். சி5 சுத்தமாக இருந்தால் குளோன்ஜில்லா என்ற இலவச மென்பொருள் போதும். பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) போட்டிருந்தால் ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை அணைத்த பிறகே தொடங்க வேண்டும். புதுசு என்று வாங்கிய டிரைவிலும் அதே இன்ஃபோ மென்பொருளில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள்; ஆயிரக்கணக்கில் இருந்தால் அது எங்கோ ஓடி வந்தது. ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் 2 டிபி டிரைவ்களை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்க்காமல் ஒரு கோப்பும் வைக்கக்கூடாது. உள்ளே சின்ன மெமரி கார்டு மட்டும் ஒட்டியிருக்கிற போலிகள் உண்டு.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓசூரின் குளிர்ச்சிக்குத் தாங்குவது, தர்மபுரியில் சித்திரை மாதத்து ஷீட் போட்ட கடைக்குள் தாங்காது. முதலில் வந்த ஜென் 5 டிரைவ்களில் டிரைவை நடத்தும் கன்ட்ரோலர் சிப் சூடாகும்; டிரைவ் பத்து வாட்டுக்கு மேல் இழுக்கும். ஹீட்சிங்க் இல்லாமல் ஓட்டினால் 80 டிகிரியைத் தாண்டி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஜென் 4-க்கு மதர்போர்டோடு வரும் தகடு போதும், அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டினால். உரிக்காமல் மாட்டியவை ஏராளம்.

கரண்ட் போவதுதான் கடைசிக் கவலை. வீட்டு உபயோக டிரைவ்களில் மின்சாரம் அறுந்தால் தாக்குப்பிடிக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் எந்தக் கோப்பு எங்கே என்ற வரைபடமே குழம்பி, டிரைவ் மறுபடி எழுந்திருக்காமல் போகலாம். 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். அதை மாற்றும் செலவு ஜென் 3-க்கும் ஜென் 4-க்கும் உள்ள வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல நேரம் டக் டக்கென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. சத்தமே போடாது. வாரண்டியில் புது டிரைவ் வரும், உள்ளே இருந்த கல்யாணம் வராது. அதனால் கழற்றிய ஹார்ட் டிஸ்கை எடைக்குப் போடாமல், சி5 சுழியமாக இருந்தால், ஒரு யு.எஸ்.பி. 3.0 கேஸில் போட்டு வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பில்லையும் போட்டோ எடுத்து வையுங்கள்; வெப்பத்தாள் பில் ஐந்து வருட வாரண்டி முடியும் முன்பே வெளுத்துவிடும்.